வேலையில்லாத மெய்நிகர் கணினி விழுங்கிய சிபியு: ஒரு நிகழ்வு ஆய்வு

மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் ஹோஸ்ட் இயந்திரத்தில், சிபியு பயன்பாட்டைக் காட்டும் 'டாப்' கட்டளையைத் திறந்தால் இருபதுக்கும் மேற்பட்ட கியூஎமு செயல்முறைகள், ஒவ்வொன்றும் ஒரு மெய்நிகர் கணினி, மேலிருந்து கீழாக அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு கோரில் கால் பங்கு, சில நேரம் முப்பது சதவீதம் வரை எடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே ஓடியது விண்டோஸ் 10. பெரும்பாலானவற்றில் யாரும் உள்நுழைந்திருக்கவில்லை. உள்ளே போய் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தால் ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு மேல் எதுவும் இல்லை. அதே ஹோஸ்டில் இருந்த லினக்ஸ் மெய்நிகர் கணினிகளோ, வேலையில்லாத நேரத்தில் பட்டியலின் அடியில் பேச்சுமூச்சில்லாமல் கிடந்தன.

இப்படிப்பட்ட சிக்கல் யாரையும் உடனே கடிப்பதில்லை. விண்டோஸ் பயனர்கள் எவரும் புகார் சொல்லவில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தால் ஐந்தாறு கோர்கள் எந்தப் பயனும் இல்லாமல் இரவும் பகலும் எரிகின்றன. ஒரு சிப்பில் எல்லாக் கோர்களும் உறங்கினால் மட்டுமே கிடைக்கும் ஆழ்ந்த மின்சேமிப்பு கிடைப்பதே இல்லை. சில கோர்கள் உறங்கும்போது மற்றவற்றுக்குக் கிடைக்கும் கூடுதல் வேகமும் குறைந்துபோகிறது. பக்கத்தில் ஓடிய ஒரு தரவுத்தளக் கணினி ஏன் மந்தமானது என்று விசாரிக்கப் போன இடத்தில்தான் இது கண்ணில் பட்டது.

ஹோஸ்டில் லினக்ஸ், மெய்நிகராக்கத்துக்கு லினக்ஸின் கருவான கெர்னலுக்குள் இயங்கும் கேவிஎம்மும் சாதனங்களை மென்பொருளால் நடிக்கும் கியூஎமுவும், நிர்வாகம் லிப்வெர்ட் என்ற கருவித்தொகுப்பு வழியாக, செயலி இன்டெல். வேறு மெய்நிகராக்க மென்பொருளில் கருவிகளின் பெயர்கள் மாறும், காரணங்களின் குணம் பெரிதாக மாறாது.

இரண்டு கணக்குகளும் சரிதான்

ஹோஸ்ட் முப்பது என்கிறது, உள்ளே ஓடும் மெய்நிகர் கணினியான கெஸ்ட் இரண்டு என்கிறது. இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று எண்ணிக்கொண்டுதான் பலரும் தேடத் தொடங்குகிறார்கள். இரண்டுமே தம் பார்வைக்கு எட்டியதைச் சரியாகத்தான் சொல்கின்றன.

வேலை தீர்ந்ததும் கெஸ்ட் இயங்குதளம் 'ஹால்ட்' என்ற செயலிக் கட்டளையை இடுகிறது. அடுத்த குறுக்கீடு (சாதனமோ டைமரோ செயலியின் கவனத்தைக் கோரும் சைகை) வரும்வரை செய்வதற்கு எதுவும் இல்லை என்று அதற்குப் பொருள். உண்மையான வன்பொருளில் கோர் அங்கேயே உறங்கிவிடும். மெய்நிகர் கணினியில் வழக்கமாக அந்தக் கட்டளை இடைமறிக்கப்படுகிறது. செயலி கெஸ்டைவிட்டு வெளியேறி, கட்டுப்பாட்டை கேவிஎம்மிடம் ஒப்படைக்கிறது. கேவிஎம் அந்த மெய்நிகர் சிபியுவுக்கான இழையை (த்ரெட்) உறங்க வைக்கிறது. குறுக்கீடு வந்ததும் எழுப்பி மறுபடி உள்ளே அனுப்புகிறது. கெஸ்டைப் பொறுத்தவரை ஹால்ட் இட்ட கணத்திலிருந்து குறுக்கீடு வந்த கணம் வரை முழுவதும் ஓய்வு. அந்த இடைவெளியில் ஹோஸ்ட் பட்ட பாடு கெஸ்டின் பேரேட்டில் ஏறாது. சாதனம் ஒன்றைத் தொட்டு கெஸ்ட் வெளியேறினாலும் இதே கதைதான்.

லினக்ஸ் கெஸ்ட்களில் தெரியும் 'ஸ்டீல்' நேரமும் இதைக் காட்டாது. ஓடத் தயாராக இருந்தும் ஹோஸ்டில் கோர் கிடைக்காமல் மெய்நிகர் சிபியு காத்துக்கிடந்த நேரத்தின் கணக்கு அது. வெளியேற்றத்தைக் கையாளும் செலவு அதில் சேராது. ஸ்டீல் சுழியமாக இருக்கிறது, ஆகவே மெய்நிகராக்கத்தில் கோளாறில்லை என்று இந்த விசாரணையின்போதும் ஒருவர் வாதிட்டார். அந்த வாதத்துக்குக் கால் இல்லை.

இந்த இடத்தில் கேள்வியைத் திருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஓய்வில் இருக்கும் கெஸ்ட் நொடிக்கு எத்தனை முறை எழுகிறது? ஒவ்வொரு முறை எழும்போதும் ஹோஸ்டுக்கு என்ன செலவாகிறது? இந்த இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் ஹோஸ்டில் தெரியும் சதவீதம்.

செலவை மூன்றாகப் பிரித்தல்

'டாப்' தரும் ஒற்றை எண் இங்கே உதவாது. கெஸ்டின் நிரலை ஓட்டிய நேரத்தையும் கியூஎமுவின் சொந்த நேரத்தையும் அது ஒரே கூடையில் கொட்டிவிடுகிறது. சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வரும் 'பிட்ஸ்டாட்' இவற்றைத் தனித்தனியாகக் காட்டுகிறது: கெஸ்ட் நிரல் ஓடிய நேரம், கெர்னலுக்குள் கழிந்த நேரம், பயனர் வெளியில், அதாவது கெர்னலுக்கு வெளியே, கியூஎமு தானே செலவழித்த நேரம். இழைவாரியாகக் கேட்டால் இன்னும் நல்லது. லிப்வெர்ட் தொடங்கிய கியூஎமுவில் மெய்நிகர் சிபியு இழைகளுக்கு எண்ணிட்ட தனிப்பெயர் இருக்கும். மற்ற சாதனங்களின் டைமர்களைக் கவனிக்கும் முதன்மை இழையிலிருந்து அவற்றை எளிதாகப் பிரித்தறியலாம்.

கெஸ்ட் நேரம் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் கெஸ்டுக்குள் போய்த் தேட வேண்டும். விண்டோஸில் தேடல் அட்டவணையாக்கம், வைரஸ் ஸ்கேன், தானியங்கிப் பராமரிப்பு ஆகியவை கணினி ஓய்வில் இருப்பதைப் பார்த்துத்தான் தொடங்குகின்றன. ஆள் வந்து மௌஸை அசைத்ததும் அடங்கிவிடுகின்றன. டாஸ்க் மேனேஜரைத் திறக்கும் செயலே சாட்சியைக் கலைத்துவிடும். கிராபிக்ஸ் முடுக்கம் இல்லாத மெய்நிகர் கணினியில் அசையும் திரைக்காப்பு ஓடினாலும் இதே விளைவுதான். கெர்னல் நேரம் அதிகம் என்றால் வெளியேற்றங்களின் எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். பயனர் வெளி நேரம் அதிகம் என்றால் கியூஎமு ஏதோ ஒரு சாதனத்தை மென்பொருளால் நடித்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் அளவீட்டில் கெஸ்ட் நேரம் இரண்டு மூன்று சதவீதம்தான். மீதி அனைத்தும் கெர்னலுக்கும் பயனர் வெளிக்கும் இடையே பங்கிடப்பட்டிருந்தது. கெர்னலின் பங்கு சற்றுப் பெரிது. பெரும்பகுதி மெய்நிகர் சிபியு இழைகளில். முதன்மை இழையிலும் கவனிக்கத்தக்க அளவு. கெஸ்டுக்குள் ஒவ்வொரு சேவையாக நிறுத்திப் பார்க்கும் திட்டம் ஒன்று அப்போது தயாராகியிருந்தது. இந்த எண்களைப் பார்த்ததும் அதை மூடிவைத்தோம்.

வெளியேற்றங்களை எண்ணுதல்

அடுத்த கருவி 'பெர்ஃப்' நிரலின் கேவிஎம் பிரிவு. கெஸ்ட் எந்தெந்தக் காரணத்துக்காக எத்தனை முறை வெளியேறியது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் எடுத்தது என்ற அட்டவணையை அது தரும். இந்த அட்டவணையைப் படிப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. நேரப் பத்தியில் ஹால்ட் எப்போதும் முதலிடத்தில் நிற்கும், தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல். அது உறங்கிய நேரம்; செலவு அல்ல. அதைப் பார்த்துப் பதறியவர்கள் உண்டு. பார்க்க வேண்டியது எண்ணிக்கைப் பத்தி.

எண்ணிக்கையில் முன்னணியில் இருந்தது போர்ட் (சாதனங்களோடு பேச உதவும் எண்ணிட்ட முகவரி) வழியான உள்ளீட்டு-வெளியீட்டுக் கட்டளை. ஒரு மெய்நிகர் கணினிக்கு நொடிக்குப் பல ஆயிரம். ஓய்வில் இருக்கும் கணினிக்கு இது கொஞ்சமும் பொருந்தாத எண். எந்தப் போர்ட் என்பதை அறிய போர்ட் தொடப்படும் ஒவ்வொரு முறையையும் குறித்துவைக்கும் கேவிஎம்மின் தடப்புள்ளியைச் சில நொடிகள் மட்டும் பதிவுசெய்தோம். ஏறக்குறைய எல்லா வரிகளிலும் பதினாறடிமான எண் 70, அடுத்து 71, மறுபடி 70, மறுபடி 71.

பழைய பிசி வன்பொருளை அறிந்தவர்களுக்கு இந்த ஜோடி உடனே அடையாளம் தெரியும். அது நிகழ்நேரக் கடிகாரச் சிப்பின் முகவரி. 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியில் மோட்டோரோலாவின் எம்சி146818 சிப்பாக நுழைந்தது. கணினி அணைந்திருக்கும்போதும் மின்கலத்தின் துணையோடு தேதியையும் மணியையும் காத்துவந்தது. அதற்கு இன்னொரு திறமையும் உண்டு. 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தை இரண்டின் அடுக்குகளால் வகுத்து, குறித்த இடைவெளியில் குறுக்கீடுகளை எழுப்பும். நொடிக்கு 64 என்றால் 15.625 மில்லி நொடிக்கு ஒன்று. விண்டோஸின் வழக்கமான டிக் (இயங்குதளத்தை ஒழுங்காக எழுப்பும் டைமர் துடிப்பு) இடைவெளியும் அதுவே.

இந்தச் சிப் எழுப்பும் ஒவ்வொரு குறுக்கீட்டுக்கும் கெஸ்ட் ரசீது கொடுக்க வேண்டும். 70-ஆம் போர்ட்டில் 'சி' ரெஜிஸ்டரின் எண்ணை எழுதி, 71-ஆம் போர்ட்டில் அதன் மதிப்பைப் படிக்க வேண்டும். படிக்காவிட்டால் அடுத்த குறுக்கீடு வராது. உண்மையான வன்பொருளில் இது பொருட்படுத்தத்தக்க செலவல்ல. கேவிஎம்மில் இந்தச் சிப் கெர்னலுக்குள் இல்லை, கியூஎமுவில் இருக்கிறது. எனவே அந்த எழுதலும் படித்தலும் தனித்தனியே கெஸ்டிலிருந்து கேவிஎம்முக்கும், கேவிஎம்மிலிருந்து பயனர் வெளியில் உள்ள கியூஎமுவுக்கும் போய், அங்கே ஒரு நேரத்தில் ஓர் இழையை மட்டும் அனுமதிக்கும் பெரும்பூட்டைப் பிடித்து, வேலையை முடித்து, அதே வழியில் திரும்ப வேண்டும். அதற்கு முன்னால் ஹால்டிலிருந்து எழுந்த செலவு வேறு. 2018 ஜனவரியில் வெளியான ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிப் பாதுகாப்புக் குறைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் வந்த எல்1டிஎஃப் குறைக்கும் போட்ட தடுப்புகளுக்குப் பிறகு, பல இன்டெல் செயலிகளில் இந்தப் போக்குவரத்தின் விலை முன்பைவிட ஏறிவிட்டது. பழைய ஹோஸ்டில் கண்டுகொள்ளாமல் விட்ட அதே பழக்கம், கெர்னலை மேம்படுத்தியதும் உறுத்தத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடிக்கடி எழுப்பச் சொன்னது யார்

நொடிக்கு 64 முறை எழுந்தால் இவ்வளவு செலவாகாது. டிக்கின் வேகத்தை யாரோ உயர்த்தியிருக்க வேண்டும். விண்டோஸில் எந்த நிரலும் நுண்ணிய டைமரைக் கோரலாம். ஒரு மில்லி நொடி என்று கேட்டால் டிக் நொடிக்கு ஆயிரத்தைச் சுற்றிப் போய்விடும். உலாவிகள், ஒலி-ஒளி நிரல்கள், சில தகவல்தொடர்பு நிரல்கள் எல்லாம் இப்படிக் கேட்பவை. விண்டோஸ் 10-இன் 2004 பதிப்பிலிருந்து, கேட்காத நிரல்களுக்கு நுண்ணிய இடைவெளி உறுதியளிக்கப்படுவதில்லை. ஆனால் கேட்ட நிரலுக்காக டிக் அடித்துத்தானே ஆக வேண்டும்?

கோரியவரைக் கண்டுபிடிக்க விண்டோஸிலேயே வழி இருக்கிறது. 'பவர்-சிஎஃப்ஜி' கட்டளைக்கு 'எனர்ஜி' என்ற தெரிவைக் கொடுத்தால் 60 நொடிகள் கவனித்துவிட்டு ஓர் அறிக்கை எழுதும். மடிக்கணினியின் மின்கலத்துக்காக உருவான கருவி இது. மெய்நிகர் கணினிகளைப் பராமரிப்பவர்கள் இதை ஏன் அதிகம் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு வியப்பு. டைமர் கோரிக்கை ஒவ்வொன்றையும் அது, கேட்ட நிரலின் முழு முகவரியோடு காட்டும். இடைவெளி 100 நானோ நொடி அலகில் இருக்கும்: 156250 என்றால் வழக்கமான இடைவெளி, 10000 என்றால் ஒரு மில்லி நொடி.

எங்கள் கணினிகளில் 10000 கேட்டிருந்தது பின்னணியில் ஓடும் ஒரு கண்காணிப்பு ஏஜென்ட். சிபியு வீணாவதைக் கண்காணிக்க நிறுவப்பட்டதே சிபியுவை வீணாக்குவதற்கு வழிவகுத்தது. அதை நிறுத்தியதும் ஹோஸ்டில் சுமை பத்து சதவீதத்துக்கும் கீழே சரிந்தது.

இங்கே விசாரணையை முடித்துவிட ஆசையாகத்தான் இருந்தது. ஏஜென்ட்டைத் தயாரித்தவருக்கு ஒரு கடிதம், அடுத்த பதிப்பு வரும்வரை காத்திருப்பு, அவ்வளவுதான். நான் அதை ஏற்கவில்லை. அதே ஏஜென்ட் வன்பொருளில் நேரடியாக ஓடும் விண்டோஸில் இந்தச் சேதத்தைச் செய்வதில்லை. இன்று ஏஜென்ட், நாளை யாரோ திறந்துவைத்த உலாவி. கேட்பவர்களை ஒவ்வொருவராகத் துரத்துவதைவிட டிக் ஒன்றின் விலையைக் குறைப்பதே நிலைக்கும் தீர்வு.

விண்டோஸ் ஏன் அந்தப் பழைய சிப்பைப் பிடித்தது

மெய்நிகர் கணினிக்குள் ஓடுகிறோம் என்று விண்டோஸுக்குத் தெரிந்தால், மைக்ரோசாஃப்டின் சொந்த மெய்நிகராக்க மென்பொருளான ஹைப்பர்-வி வழங்கும் சில வசதிகளை அது தேடும். அவற்றின் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டிருப்பதால் கேவிஎம்மும் அவற்றை நடித்துக் காட்டுகிறது. லிப்வெர்ட் அமைப்புக் கோப்பில் ஹைப்பர்-வி என்ற பகுதியில் இவை ஒவ்வொன்றும் தனிச் சுவிட்சாக இருக்கும். எங்கள் வார்ப்பில் (டெம்ப்ளேட்) 'ரிலாக்ஸ்டு', 'வி-ஏபிக்', 'ஸ்பின்லாக்ஸ்' மூன்றும் இயக்கப்பட்டிருந்தன. கடிகாரப் பகுதியில் 'ஹைப்பர்வி கிளாக்' இருந்தது. ஹெச்பெட் என்ற நவீன டைமர் அணைக்கப்பட்டிருந்தது. அது லிப்வெர்ட் கருவிகள் வழக்கமாகச் செய்வதுதான். பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய வார்ப்பு, ஒவ்வொரு புதிய கணினிக்கும் அப்படியே நகலாகிக்கொண்டே வந்திருந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் குறையேதும் இல்லை. ஹைப்பர்வி கிளாக் இருக்கிறதே, பிறகென்ன என்று தோன்றும். சுவரில் மாட்டிய கடிகாரமும் தலைமாட்டில் வைக்கும் அலாரமும் ஒன்றல்ல என்பதுபோல, நேரத்தைப் படிக்கும் வசதி வேறு, குறித்த நேரத்தில் எழுப்பிவிடும் வசதி வேறு. ஹைப்பர்வி கிளாக் முதலாவதை மட்டுமே தருகிறது. அதனால் விண்டோஸ் வெளியேற்றமே இல்லாமல் நேரத்தைப் படிக்க முடிகிறது. எழுப்பிவிட வேண்டியது 'எஸ்டைமர்' என்ற செயற்கை டைமர். ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவுக்கும் நான்கு உண்டு. அது இல்லாதபோது சில விண்டோஸ் பதிப்புகள் ஹெச்பெட்டைத் தேடும். அதுவும் இல்லையென்றால் நிகழ்நேரக் கடிகாரச் சிப்பைப் பிடித்துக்கொள்ளும். ஓய்வில் இருக்கும்போதும் அதனால் சிபியு வீணாகும். கியூஎமுவின் ஆவணமே இதைச் சொல்கிறது. 2018-இல் வந்த விண்டோஸ் 10 1803 பதிப்புக்கு மாறியதும் ஹோஸ்டில் சுமை ஏறியது என்ற புகார்கள் பரவலாக எழுந்தன. அந்தத் தடங்களிலும் இதே 70, 71 ஜோடி தெரிந்தது.

எஸ்டைமர் தனியாக வேலை செய்யாது. அது 'சின்ஐசி' என்ற செயற்கைக் குறுக்கீட்டுக் கட்டுப்பாட்டகத்தைச் சார்ந்தது. அதற்கு, மெய்நிகர் சிபியுவின் எண்ணைச் சொல்லும் 'விபி-இண்டெக்ஸ்' தேவை. கூடவே ஹைப்பர்வி கிளாக்கும் இருக்க வேண்டும். நான்கும் சேர்ந்திருந்தால் விண்டோஸ் ஒரு மாதிரிசார் ரெஜிஸ்டரில் எழுதி டைமரை அமைக்கும். கேவிஎம் அதைக் கெர்னலுக்குள்ளேயே கவனித்துக்கொள்ளும். கியூஎமு வரை போகும் பயணமே இருக்காது.

ஹெச்பெட்டை இயக்குவதும் சிலர் சொல்லும் பரிகாரம். சுமை அதனாலும் குறையும். ஆனால் ஹெச்பெட்டும் கியூஎமுவுக்குள் நடிக்கப்படும் சாதனம்தான். தொடும் ஒவ்வொரு முறையும் பயனர் வெளி வரை போக வேண்டும். எஸ்டைமரைத் தர இயலாத பழைய ஹோஸ்டுக்குத் தற்காலிக ஒட்டுப்போடலாக வைத்துக்கொள்ளலாம். ஹோஸ்டுக்குத் தெரிந்த ஹைப்பர்-வி வசதிகள் அனைத்தையும் ஒரே சொல்லில் திறந்துவிடும் 'பாஸ்த்ரூ' முறையும் இருக்கிறது. சோதனைக்கு நல்லது. ஆனால் எந்தெந்த வசதிகள் இயங்குகின்றன என்பது ஹோஸ்டுக்கு ஹோஸ்ட் மாறும் என்பதால், கணினியை ஓடும்போதே வேறு ஹோஸ்டுக்கு இடம்பெயர்க்க முடியாது. எங்களுக்கு இடம்பெயர்ப்பு அன்றாடத் தேவை. ஆகவே சுவிட்சுகளைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாக எழுதினோம்.

அமைப்புக் கோப்பை மாற்றியபின் விண்டோஸுக்குள்ளிருந்து ரீஸ்டார்ட் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. அதே கியூஎமு செயல்முறை பழைய அமைப்போடு தொடர்கிறது. கணினியை முற்றிலும் அணைத்து, செயல்முறை மறைந்ததை உறுதிசெய்து, பிறகு தொடங்க வேண்டும். விண்டோஸின் வேகத் தொடக்க வசதி கெர்னலின் நிலையை வட்டில் சேமித்துவைத்து மறுபடி எழுப்பும் என்பதால், மெனு வழியாக அணைக்காமல் 'ஷட்டவுன்' கட்டளையால் முழுமையாக அணைப்பதே பாதுகாப்பு. தொடங்கியதும் ஹோஸ்டில் கியூஎமுவின் கட்டளை வரியை எடுத்து, எஸ்டைமர் என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பார்த்தால் ஐயம் தீரும். மாற்றத்தைச் செய்தும் பயனில்லை என்று சொல்லும் பலர் இந்த இடத்தில்தான் தவறியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

முதல் கணினியை இப்படித் தொடங்கியதும், ஏஜென்ட் ஓடிக்கொண்டிருந்த நிலையிலேயே சுமை ஆறு சதவீதத்தைச் சுற்றி நின்றது. போர்ட் 70, 71 வெளியேற்றங்கள் தடத்திலிருந்து ஏறக்குறைய மறைந்தன. ஹால்ட் வெளியேற்றம் மட்டும் நொடிக்கு ஆயிரத்தைச் சுற்றித் தொடர்ந்தது. ஏஜென்ட் இன்னும் ஆயிரம் முறை எழுப்பத்தான் செய்கிறது. எழுவதற்கான விலை மட்டும் விழுந்துவிட்டது.

மீதமிருந்த ஆறு

ஆறு சதவீதம் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. லினக்ஸ் கெஸ்ட்களோடு ஒப்பிட்டால் அது இன்னும் அதிகம். பிட்ஸ்டாட்டை மறுபடி ஓட்டினோம். இப்போது மெய்நிகர் சிபியு இழைகள் அமைதியாகியிருந்தன. கியூஎமுவின் முதன்மை இழை மட்டும் தனியாகத் தெரிந்தது. முதலிலேயே அங்கே கொஞ்சம் சுமை இருந்ததைக் குறித்துவைத்திருந்தோம்.

முதன்மை இழை கெஸ்டோடு நேரடித் தொடர்பில்லாமல் விழித்துக்கொண்டிருந்தால் யூஎஸ்பியைப் பார்ப்பது நல்ல தொடக்கம். தொலைத்திரையில் மௌஸ் குறி சரியான இடத்தில் நிற்பதற்காக மெய்நிகர் கணினிகளுக்கு யூஎஸ்பி டேப்லெட் ஒன்றை இணைப்பது வழக்கம். சாதாரண மௌஸ் நகர்ந்த தூரத்தை மட்டும் சொல்லும். டேப்லெட் திரையில் இருக்கும் இடத்தையே சொல்லும். எங்கள் வார்ப்பில் அது யூஹெச்சிஐ வகைக் கட்டுப்பாட்டகத்தில் மாட்டப்பட்டிருந்தது. அந்த வகையில் ஒவ்வொரு மில்லி நொடியும் ஒரு சட்டகம். மௌஸை யாரும் தொடாவிட்டாலும் நொடிக்கு ஆயிரம் முறை கியூஎமு எழுந்து, கெஸ்டின் நினைவகத்தில் உள்ள பட்டியலைப் படித்து, செய்ய எதுவும் இல்லை என்று கண்டு, மீண்டும் உறங்கும்.

டேப்லெட்டையே நீக்கிவிட்டால் செலவு போய்விடும். தொலைத்திரையில் குறி தடம் மாறி ஓடும் என்பது அதன் விலை. எக்ஸ்ஹெச்சிஐ வகைக் கட்டுப்பாட்டகத்துக்கு மாற்றினால் இரண்டு நன்மையும் கிடைக்கும். அங்கே சொல்ல ஏதாவது இருந்தால் மட்டுமே சாதனம் குரல் கொடுக்கும்; கட்டுப்பாட்டகம் போய்ப்போய்க் கேட்பதில்லை. விண்டோஸ் 8 முதல் இதற்கான டிரைவர் இயங்குதளத்திலேயே வருகிறது. விண்டோஸ் 7-இல் வராது. தனியாக நிறுவ வேண்டும். மாற்றியதும் சுமை இரண்டு சதவீதத்துக்குக் கீழே போனது.

நிரபராதியாக விடப்பட்டவர்

இடையில் சந்தேகத்துக்கு உள்ளானது கேவிஎம்மின் ஹால்ட் போலிங். 2015-இல் லினக்ஸ் 4.0-இல் வந்த வசதி. கெஸ்ட் ஹால்ட் இட்டதும் இழையை உடனே உறங்க வைக்காமல், குறுக்கீடு இதோ வந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஹோஸ்ட் சற்று நேரம் சுற்றிச்சுற்றிப் பார்க்கும். எழுவதற்கான தாமதம் குறையும், சிபியு செலவாகும். எக்ஸ்86-இல் மேல்வரம்பு இயல்பாக 200,000 நானோ நொடி, அதாவது 200 மைக்ரோ நொடி. நொடிக்கு ஆயிரம் முறை முழு வரம்பு வரை சுற்றினால் ஒரு கோரில் 20 சதவீதம். இந்தக் கணக்கைப் போட்டவுடன் குற்றவாளி கிடைத்துவிட்டார் என்று தோன்றியது.

ஆனால் அந்த வசதி கண்மூடித்தனமானதல்ல. உறக்கங்கள் வரம்பைவிடக் குறுகியதாக இருந்தால்தான் சுற்றும் நேரத்தை வளர்க்கும். நீண்ட உறக்கம் வந்தால் குறைத்துவிடும். மில்லி நொடிக்கு ஒருமுறை எழும் கெஸ்ட்டின் உறக்கம் பெரும்பாலும் 200 மைக்ரோ நொடியைத் தாண்டிவிடுகிறது. சோதித்துப் பார்க்கவும் எளிது: கேவிஎம் மாட்யூலின் அளவுருவில் சுழியத்தை எழுதினால் போதும். சில கெர்னல் பதிப்புகளில் அது புதிதாகத் தொடங்கும் கணினிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால் சோதனைக் கணினியை அணைத்துத் தொடங்கினோம். சுமையில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பழைய மதிப்பையே திருப்பி வைத்தோம். வலையிணைப்பில் குட்டிக்குட்டியாகச் செய்தி அனுப்பிப் பெறும் கெஸ்ட்களில் இந்த வசதிக்கு உண்மையான பயன் உண்டு. காரணம் தெரியாமல் ஹோஸ்ட் முழுவதற்கும் அணைப்பது தவறு.

நூறு சதவீதம் காட்டிய இன்னொன்று

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, வேறொரு ஹோஸ்டில் ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினி ஓய்வில் இருந்தும் எல்லாச் சிபியுவிலும் நூறு சதவீதம் காட்டுகிறது என்று சொன்னார்கள். பிட்ஸ்டாட்டில் முழுவதும் கெஸ்ட் நேரம். மேலே சொன்ன விதிப்படி கெஸ்டுக்குள் தேட வேண்டும். உள்ளேயோ ஒன்றும் இல்லை.

அந்தக் கணினி குறைந்த தாமதத்துக்காக அமைக்கப்பட்டது. அதன் கியூஎமுவில் சிபியுவின் மின் நிலையைக் கெஸ்டே நிர்வகிக்கும் தெரிவு இயக்கப்பட்டிருந்தது. அந்த நிலையில் ஹால்ட் இடைமறிக்கப்படுவதில்லை. கெஸ்ட் வெளியேறாமல் உண்மையான கோரையே உறங்க வைக்கிறது. ஹோஸ்டின் கணக்கில் இழை இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. கோர்களின் உறக்க நிலையைக் காட்டும் 'டர்போஸ்டாட்' கொண்டு பார்த்தால் அந்தக் கோர்கள் பெரும்பாலான நேரம் ஆழ்ந்த உறக்க நிலையில் இருந்தன. எண்ணில் நூறு, சிலிக்கனில் ஓய்வு. அங்கே திருத்த எதுவும் இல்லை. அந்தக் கோர்களை வேறு கணினிகளோடு பகிராமல் இருந்தால் போதும். கெஸ்டின் கெர்னல் அளவுருவில் 'ஐடில்' என்பதற்கு 'போல்' என்று யாராவது எழுதியிருந்தால் இதே நூறு தெரியும். அப்போது டர்போஸ்டாட்டில் உறக்கம் இருக்காது. அது உண்மையான வீண்செலவு.

மிகப் பழைய லினக்ஸ் கெஸ்ட்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஓய்வில் டிக்கை நிறுத்தும் வசதி 2007-இல்தான் கெர்னலில் நுழைந்தது. அதற்கு முந்தையவை நொடிக்கு ஆயிரம் டிக் என அமைக்கப்பட்டிருந்தால் என்றும் ஆயிரம்தான். ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸின் 4, 5 பதிப்புகளின் பிற்கால வெளியீடுகளில் 'டிவைடர்' என்ற தொடக்க அளவுருவுக்கு 10 கொடுத்தால் அது நூறாகக் குறையும்.

பரவலாக்கமும் மீதமும்

வார்ப்பில் சின்ஐசி, எஸ்டைமர், விபி-இண்டெக்ஸ், எக்ஸ்ஹெச்சிஐ நான்கையும் சேர்த்தோம். ஓடிக்கொண்டிருந்த கணினிகளைப் பராமரிப்பு நேரங்களில் சிறு சிறு குழுக்களாக அணைத்துத் தொடங்கினோம். இடம்பெயர்ப்புக்கு இலக்கான ஹோஸ்ட்கள் அனைத்திலும் இந்த வசதிகளைத் தரும் கெர்னலும் கியூஎமுவும் இருப்பதை முன்கூட்டியே சரிபார்த்தோம். ஒன்றில் பழையது இருந்தாலும் இடம்பெயர்ப்பு மறுக்கப்படும்.

சின்ஐசியை இயக்கும்போது ஒரு பக்கவிளைவு உண்டு. செயலியே குறுக்கீடுகளைக் கெஸ்டுக்கு நேரடியாகக் கொண்டுசேர்க்கும் வன்பொருள் வசதி, இன்டெலில் ஏபிக்-வி, வழக்கமாக இதோடு ஒத்துப்போகாமல் முடங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதற்கென்றே பிற்காலக் கியூஎமுவில் தனித் தெரிவு இருக்கிறது. ஓய்வில் கிடக்கும் கணினிகளுக்கு இது பொருட்டல்ல. அதிகக் குறுக்கீடுகளைச் சந்திக்கும் இரண்டு விண்டோஸ் கோப்புச் சேவையகங்களில் மட்டும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வேலைச்சுமையின்போது அளந்தோம். பாதகமான மாற்றம் எதுவும் தெரியாததால் அப்படியே விட்டோம்.

அணைக்க முடியாத கணினிகள் சில இன்னும் பழைய அமைப்பிலேயே ஓடுகின்றன. அவற்றில் ஏஜென்ட்டின் சேகரிப்பு முறையை மாற்றி, ஒரு மில்லி நொடிக் கோரிக்கையை நிறுத்தியிருக்கிறோம். டிக் 64-க்குத் திரும்பியதால் சுமை எட்டு சதவீதத்தைச் சுற்றி நிற்கிறது. அடுத்த பராமரிப்பு நேரத்தில் அவையும் புதிய வார்ப்புக்கு மாறும்.